தலையாட்டிக்கு ஒரு கேமரா

குடும்பஸ்தன் ஒருவன் வீட்டில் நிம்மதியாகக் காலம் தள்ள மூன்று வாக்கியங்கள் போதும். ‘நான் பார்க்கலையே’, ‘காதுல விழலையே’, ‘அடடா, மறந்தே போச்சு!’. கல்யாணமான புதிதில் இவற்றைச் சொல்ல நாக்கு கூசும். பிறகு பழகிவிடும். என் அப்பா இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடைசிவரை கௌரவமாக வாழ்ந்தார். அவர் எனக்கு விட்டுப்போன சொத்தில் வில்லங்கம் இல்லாதது இது ஒன்றுதான். போன தீபாவளிக்கு மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து ஒரு ஸ்மார்ட் கண்ணாடி வாங்கிவந்து கொடுத்தார். சொத்து மொத்தமும் ஜப்தி.

தீபாவளிக்கு மாமனார் மாப்பிள்ளைக்குச் செய்வதுதான் முறை. மாப்பிள்ளை மாமனாருக்குச் செய்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று என் மனைவிக்குப் பிடிபடவில்லை. இந்த ரகத்தில் ரேபான் மெட்டா கண்ணாடி 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலையே 29,900 ரூபாய். எனக்கு வந்தது எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப் போவதில்லை. அதன்மேல் எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு. வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லை. விலை ஏறக்குறைய எவ்வளவு என்று தெரிந்ததும் மனைவி, “இவ்வளவு செஞ்சிருக்காரு, நாம சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டு, பொங்கலுக்கு மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் போட்டாள். தங்கம் விற்கிற விலையில், இலவசமாக வந்த கண்ணாடி எங்கள் வீட்டிலேயே அதிகச் செலவு வைத்த பொருளாகிவிட்டது. ஆகவே அதைப் போட்டுக்கொள்ளாமல் இருக்கவும் வழியில்லை.

ஸ்மார்ட் கண்ணாடி என்றதும் கண்ணுக்கு முன்னால் பச்சை எழுத்து ஓடும், எதிரே வருகிறவனின் ஜாதகம் தெரியும் என்றெல்லாம் சினிமா பார்த்தவர்கள் நினைப்போம். என்னுடையதில் திரையே கிடையாது. பார்வைக்குக் கறுப்பு பிரேம் போட்ட சாதாரணக் கண்ணாடி. ஒரு மூலையில் பொடிக் கேமரா, மறு மூலையில் பொட்டு அளவு விளக்கு. பேட்டரி, சிப், ஸ்பீக்கர், மைக் எல்லாம் காதின் மேல் உட்காரும் அந்த இரண்டு கைகளுக்குள் அடக்கம். ஸ்பீக்கர் காதை அடைக்காது. காதுக்கு மேலே இருந்துகொண்டு உள்ளே ஓதும். ‘எதிரே இருப்பது என்ன?’ என்று கேட்டால் கேமரா ஒரு படம் எடுத்து, ப்ளூடூத் வழியே சட்டைப்பையில் இருக்கும் போனுக்குத் தரும். போன் அதை இணையத்துக்கு அனுப்பும். எங்கோ ஒரு தேசத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் யோசித்து, வந்த வழியே பதிலை அனுப்பும். ஆக, கண்ணாடிக்கென்று சொந்தமாக யோசனை எதுவும் கிடையாது. யாரோ சொல்வதைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கும். அது தெரிந்ததும் எனக்கு அதன்மேல் ஒரு நேசம் பிறந்தது.

எடை சுமார் 50 கிராம். கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றும். மூக்கைக் கேட்டால் தெரியும். எனக்குத் தூரத்துக்கு மைனஸ் 4.5, படிப்பதற்குத் தனிக் கணக்கு. அதற்கான லென்ஸ் போட டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். போட்டுப் பார்த்தால் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்தது. கடைக்காரர் கையைப் பிசைந்தார். “சாதா பிரேம்னா ஹீட்டர்ல காட்டி லேசா வளைச்சு விட்டுருவேன் சார். இதுல உள்ள பேட்டரி இருக்கு. சூடு காட்டுனா நானும் உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வரணும்.” அதனால் வளைக்கவில்லை. மதுரை வெயிலில் மூக்கு வியர்க்க, கண்ணாடி இறங்க, கேமராவும் இறங்கும். நான் நிமிர்ந்து பார்த்து எடுத்ததாக நினைத்த படங்களிலெல்லாம் ஜனங்களின் பாதங்கள்தான் விழுந்திருக்கின்றன. மாசி வீதிகளில் நடமாடும் செருப்புகளைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்தால் ஆதாரம் என்னிடம் ஏராளம்.

சார்ஜ் போடுவது தனிக்கதை. 2023-இல் வந்த ரேபான் மெட்டா நாலு மணி நேரம் தாங்கும், 2025-இல் வந்தது எட்டு மணி நேரம் தாங்கும் என்று சொல்லி விற்றார்கள். எத்தனை மணி நேரம் தாங்கினாலும் கடைசியில் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துத்தான் தீரவேண்டும். வைத்த கணமே நான் குருடு. பழைய கண்ணாடி வேண்டும். அது எங்கே என்று தேடுவதற்குக் கண் வேண்டும். கண் பெட்டிக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. போன் சார்ஜ் ஏறும்போது சும்மா இருக்கத் தெரியாதவர்களைப் பார்த்து முன்பு சிரித்திருக்கிறேன். இப்போது நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, உடம்பின் ஒரு உறுப்புக்குக் கரண்ட் ஏறும்வரை சுவர்ப் பக்கம் திரும்பிப் புன்னகைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது எதிரே நின்றால் மரியாதைக் குறைவாகிவிடக் கூடாதே என்று.

முதல் வெளிவேலை காய்கறி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது எங்கள் மதுரை அண்ணா நகரில்தான். விளைவிக்கிறவரும் வாங்குகிறவரும் நடுவில் தரகர் இல்லாமல் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட இடம். அங்கே ஒரு தரகரை மூக்கின்மேல் உட்காரவைத்துக்கொண்டு நுழைந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கத்திரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இவை புதுக்காய்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என் கண்ணாடிக்குத் தமிழ் தெரியாது. மெட்டா கண்ணாடி ஹிந்தி பேசக் கற்றுக்கொண்டுவிட்டதாம், தீபிகா படுகோன் குரலில்கூடப் பதில் கேட்கலாமாம் என்று 2025-இல் பேப்பரில் போட்டிருந்தான். பேப்பரில் வருவதையெல்லாம் நான் வீட்டில் வாசித்துக் காட்டுவது வழக்கம். இதை வாசிக்கவில்லை.

“யார்கிட்டண்ணே பேசுறீங்க?” என்றார் கடைக்கார அம்மா.

நான் ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று சைகை காட்டினேன். கேள்வி கடல் கடந்து போயிருந்தது. அந்த அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பின்னால் நின்றவர் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதில் வந்தது. இவை கத்திரிக்காய்கள், ஊதா நிறத்தில் பளபளப்பாக உள்ளன, புதியவையா என்று உறுதி செய்ய, கையால் மெதுவாக அழுத்திப் பார்க்கவும். நான் கையை நீட்டி அழுத்தினேன்.

“அமுக்காதீங்கண்ணே, அடிபட்டுப் போகும்! காம்பைப் பாருங்க, பச்சையா இருக்கான்னு.”

உலகத்தைச் சுற்றி வந்த அறிவை அந்த அம்மா ஒரு வரியில் தள்ளுபடி செய்தார். அடுத்த கூடையில் கொத்தவரங்காயைப் பார்த்து கண்ணாடி பீன்ஸ் என்றது. நம்பி, பொரியலுக்கு ஆகும் என்று ஒரு கிலோ வாங்கிவந்தேன். என் மனைவி பையைக் கவிழ்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சேர்ந்து போய் வாங்குனீங்களாக்கும்” என்றாள்.

இதெல்லாம் சில்லறைச் சேதம். ஜப்தி நடவடிக்கை தொடங்கியது மாப்பிள்ளை அத்தையிடம் ஒரு விவரத்தைச் சொன்ன அன்றைக்கு. வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று சொல்லிவைத்தால் இந்தக் கண்ணாடி ஞாபகம் வைத்துக்கொள்ளும், குறித்த நேரத்தில் நினைவூட்டும் என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்; கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. மறுநாள் காலையிலிருந்து என் மனைவி என்னிடம் எதையும் சொல்வதில்லை. என் நெற்றிப்பொட்டுக்கு நேராகக் குனிந்து, “கேஸ் புக் பண்ணணும், கரண்ட் பில் கட்டணும், அதுகிட்ட சொல்லி வைங்க” என்கிறாள். நான் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து கண்ணாடியிடம் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, நான் டீயை வாய்க்குக் கொண்டுபோகும் சமயமாகப் பார்த்து, அது காதில் சொல்கிறது. ‘மறந்தே போச்சு’ என்ற வாக்கியத்தைச் சொல்ல இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை.

‘காதுல விழலையே’ போன விதம்தான் வேதனை. மாதாந்திர மளிகை லிஸ்டை எழுதிக்கொள்ளச் சோம்பல். அவள் சொல்லச் சொல்ல வீடியோ எடுத்துக்கொண்டால் கடையில் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை உதித்தது. பிரேமில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு எதிரே நின்றேன். அவள் சொன்னாள், நான் கேட்டேன். மளிகைக் கடையில் போனைத் திறந்தால் படம் மேலும் கீழும் மேலும் கீழும் ஆடுகிறது. மனைவி முகம் போகிறது, தரை வருகிறது, மறுபடி முகம், மறுபடி தரை. “பூகம்பத்தப்ப எடுத்ததா சார்?” என்றார் கடைக்காரர். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கேமரா என் தலையில் இருக்கிறது. மனைவி பேசும்போது என் தலை ஆடுகிறது. கல்யாணமான நாளிலிருந்து ஆடிவருகிறது. எனக்கே தெரியாத வேகத்தில்.

படம் ஆடினாலும் குரல் சுத்தமாக இருந்தது. மைக்குகள் அப்படி. துவரம்பருப்பு ஒரு கிலோ, “ம்”. உளுந்து அரைக் கிலோ, “ம்ம்”. கடுகு, சீரகம், “சரி சரி”. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகு என் மனைவியின் குரல் மாறாமல் சொன்னது: “மொட்டை மாடியில யானை நிக்குது, அதுக்கு ரெண்டு கட்டு புல்லு.”

“ம்… சரி” என்றது என் குரல். படம் மேலும் கீழும் ஆடியது.

“புல்லு நம்மகிட்ட இல்ல சார்” என்றார் கடைக்காரர், மிகவும் வருத்தத்தோடு.

அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்று அங்கேயே நின்று அழித்தேன். அது அதற்குள் வீட்டு கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து சம்பந்தி வீட்டுக்கும் போயிருந்தது. எல்லாம் தானாகப் போய்ச் சேரும்படி மாப்பிள்ளை முதல் நாளே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். இப்போதெல்லாம் சம்பந்தி போன் செய்தால் முதல் கேள்வி, “யானை சௌக்கியமா?”

பார்வை விவகாரத்துக்கு வருகிறேன். போனில் படம் எடுப்பவன் எதைக் காட்ட நினைக்கிறானோ அதை எடுப்பான். கண்ணாடியில் எடுப்பவன் எதைப் பார்த்தானோ அதுதான் பதியும். இந்த வித்தியாசம் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும், சிகரெட் பெட்டியில் போடுவதைப் போல. திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபம், ஒன்றுவிட்ட தம்பி மகள் கல்யாணம். முகூர்த்த வேளையில் மேடைக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற போட்டோக்காரர், வீடியோக்காரர், அவர்களுக்கு விளக்குப் பிடிப்பவர் ஆகியோரின் முதுகுகளை ஆசீர்வதித்துவிட்டு வருவதுதான் தமிழ்நாட்டில் கல்யாணத்துக்குப் போவது என்பது. நான் உயரம் என்பதால் தம்பி கேட்டுக்கொண்டான்: “அண்ணே, நீங்க உங்க கண்ணாடியில எடுங்க, ஜனங்க பார்த்த மாதிரியே இருக்கும்.”

மறுவீட்டன்று டிவியில் இணைத்துப் போட்டார்கள். கூடம் நிறைய உறவினர். புதுமாப்பிள்ளை நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறார். முதுகுகள் தெரிந்தன. நாதஸ்வரம் கேட்டது. “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று சாஸ்திரிகள் குரல். மேளம் உச்சத்துக்குப் போன அந்தக் கணத்தில் படம் நிதானமாக இடது பக்கம் திரும்பியது. பந்தி ஹால் வாசல். கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஒருவர் இலை போட்டுக்கொண்டே வருகிறார். படம் அங்கேயே நின்றது. அட்சதை அரிசி நாலைந்து மணி பிரேமின் குறுக்கே பறந்தது. இலைகள் போட்டு முடிந்தன. படம் வலது பக்கம் திரும்பியபோது தாலி ஏறியிருந்தது.

“எங்கண்ணே பார்த்துக்கிட்டிருந்தீங்க?” என்றான் தம்பி, குரல் அடைக்க.

அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள், டிவிக்குள்ளிருந்து என் குரல், பக்கத்தில் இருந்த சித்தப்பாவிடம், தெளிவாக, மெதுவாக, ரகசியமாகக் கேட்டது: “பையன் கொஞ்சம் மந்தமா தெரியுறானோ?” மைக் கம்பெனிக்காரனுக்கு ரகசியம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. புதுமாப்பிள்ளை சிரித்தார். நல்ல குணம். மந்தம் என்று இனி எங்கேயும் சொல்லமாட்டேன்.

கல்யாண வீட்டில் எனக்கு உண்மையாகவே வேண்டிய வசதி, எதிரே சிரித்துக்கொண்டு வருகிறவர் யார் என்று காதில் சொல்வது. அது என் கண்ணாடியில் கிடையாது. செய்ய முடியாதது அல்ல. 2024-இல் அமெரிக்காவில் ஹார்வர்ட் மாணவர்கள் இரண்டு பேர், கடையில் கிடைக்கும் ரேபான் மெட்டாவையும் முகத்தை அடையாளம் காணும் இணையச் சேவை ஒன்றையும் இணைத்து, ரயிலில் எதிர்ப்படும் முன்பின் தெரியாதவர்களின் பெயர், விலாசம் எல்லாம் வரவழைத்துக் காட்டினார்கள். மக்களை எச்சரிக்கத்தான் செய்தோம், செய்முறையை வெளியிட மாட்டோம் என்று சொன்னார்கள். உலகமே பதறியது. எனக்குப் பதற்றம் வரவில்லை. எங்கள் பெரிய மாமா பந்தலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற பையனை நிறுத்தி, முகத்தைத் தூக்கிப் பார்த்து, “நீ உசிலம்பட்டி வாத்தியார் பேரன்தானே? உங்க அக்கா நகை இன்னும் அடகுலதான் கிடக்குதா?” என்று கேட்பார். பேட்டரியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். எச்சரிக்கை விளக்கு மட்டும் மாமாவுக்குக் கிடையாது.

கண்ணாடிக்கு அது உண்டு. படம் எடுக்கும்போது முன்னால் வெள்ளை விளக்கு எரியும். அதை மறைத்து ஒட்டினால் கேமரா வேலை செய்ய மறுக்கும்படி வைத்திருக்கிறார்கள். இதை நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் வீட்டுப் பெண்கள் ஏற்கவில்லை. கொழுந்தியாள் வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சமையலறைக்குள் போய்விடுகிறாள். வேலைக்கு வரும் அம்மா, நான் கூடத்தில் இருந்தால் துடைப்பத்தோடு வாசலிலேயே நிற்கிறார். கடைசியில் சட்டம் வந்தது: செருப்பு ஸ்டாண்டில் செருப்பைக் கழற்றும்போது கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும்; பழைய கண்ணாடி அங்கேயே ஒரு டப்பாவில் இருக்கும். 29,900 ரூபாய் ரகத்துப் பொருள் என் ஹவாய்க்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. தெரு நாய் ஒன்று ஹவாயைத்தான் தூக்கிப்போனது.

ராத்திரிகளில் இந்த வம்சத்தின் பூர்வோத்தரத்தைப் படித்து ஆறுதல் தேடினேன். 1968-இல் ஐவன் சதர்லாந்து என்கிற அமெரிக்கர், தலையில் மாட்டிப் பார்க்கும் திரை ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறார். தலைக்கு மேல் ஒரு கருவி. கனம் தாங்காது என்று அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். கிரேக்கக் கதையில் தலைக்கு மேல் தொங்கும் வாள் ஒன்று உண்டே, அதன் பெயரையே வைத்துவிட்டார்கள். குடும்பஸ்தனுக்கு ஏற்ற மாடல் அதுதான் என்பேன். மாட்டிக்கொண்டவனைக் கடைக்கு அனுப்ப முடியாது. பிறகு கூகுள். 2012-இல் ஆகாயக் கப்பலிலிருந்து ஆட்களைக் குதிக்கவைத்து, அவர்கள் கண்ணாடி வழியாக சான்பிரான்சிஸ்கோவைக் காட்டினார்கள். 2013-இல் 1,500 டாலர் விலைக்குக் கொஞ்சம் பேருக்குக் கொடுத்தார்கள். சியாட்டிலில் ஒரு மதுக்கடை, இதைப் போட்டுக்கொண்டு உள்ளே வராதே என்று அறிவித்தது. போட்டவர்களுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயரை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. 2015 ஜனவரியில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பெரிய பெரிய பணக்காரர்கள் போட்டுக்கொண்டபோதே ஊர் சிரிப்பாய்ச் சிரித்திருக்கிறது என்றால், உழவர் சந்தையில் எனக்குக் கிடைத்தது கௌரவமான வரவேற்பு.

கேலியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு விஷயம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். டென்மார்க்கில் தொடங்கி 2015-இல் வெளிவந்த ‘பி மை ஐஸ்’ என்ற செயலியைப் பல வருஷமாக வைத்திருக்கிறார். அதில் கூப்பிட்டால், எங்கோ இருக்கும் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் நம் போன் கேமரா வழியே பார்த்து, எதிரே இருப்பதைச் சொல்வார். இந்த வசதி இப்போது சில கண்ணாடிகளிலும் வந்துவிட்டது. போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம், ஒரு கை கோலுக்கு, மறு கை பைக்கு. என் கண்ணாடியை அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் வாங்கிவிட்டார். பால் பாக்கெட் தேதியையும் கேட்டார். நான் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு கொத்தவரங்காயில் தோற்றதை, அவர் டீ ஆறுவதற்குள் வேலை வாங்கினார். போன் கேமராவை எதிலே குறிவைப்பது என்று இத்தனை நாள் பட்ட பாட்டைச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தடவிப் பார்த்தபடி கேட்டார்: “படம் எடுக்குறப்ப விளக்கு எரியும்னு சொன்னீங்களே. எதிர்ல நான் நின்னா எனக்கு எப்படி சார் தெரியும்?”

பெட்டிக்குள் வந்த குறிப்புப் புத்தகத்தில் தேடினேன். இல்லை. கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

கோயிலுக்கு வருவோம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018-லிருந்தே செல்போனுக்குத் தடை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களிலெல்லாம் செல்போனைத் தடுக்க வேண்டும் என்று அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. கண்ணாடிக்காரர்களும் தப்பவில்லை: 2025-இல் அயோத்தி ராமர் கோயிலில் ஒருவர், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஒருவர், கேமரா வைத்த கண்ணாடியோடு பிடிபட்டுப் பேப்பரில் வந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்று பழைய கண்ணாடியைப் போட்டுப் போகத்தான் எண்ணம். டப்பாவைத் திறந்தால் காணோம். பேரன் அதைப் போட்டுக்கொண்டு தாத்தா வேஷம் கட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை, நேரமாகிவிட்டது, கிளம்பியாயிற்று.

வாசலில் சோதனை. போனைக் கொடுத்து டோக்கன் வாங்கியாகிவிட்டது. சோதனையில் இருந்த பெண் காவலர் என்னைத் தாண்டவிட்டுவிட்டார். அப்போது பார்த்து என் மனைவி, சத்தியசந்தை, “அதைக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க, அதுலதான் கேமரா இருக்குல்ல” என்றாள்.

“கண்ணாடியிலயா?” என்றார் காவலர்.

“ஸ்விட்ச் ஆஃப்தாம்மா” என்றேன்.

“அதைக் கழட்டுங்க சார்.”

“கழட்டுனா எனக்குக் கண்ணு தெரியாதும்மா.”

“போட்டா உள்ள விட முடியாது சார்.”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஸ்வாமி தரிசனத்துக்குக் கண் வேண்டும். கண்ணோடு போனால் தரிசனம் கிடையாது. காவலர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியை வாங்கி, தன் மூக்கில் போட்டு, “யாத்தே, தலை சுத்துது” என்று திருப்பிக் கொடுத்தார். பவர் உண்மை என்று நிரூபணமாயிற்று, கேமராவும் உண்மைதானே. கழற்றிக் கொடுத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பொற்றாமரைக் குளம் என்று அவள் சொன்ன இடத்தில் ஒரு பச்சை. தூண் என்று நினைத்து நான் சாய்ந்தது திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு பக்தர். அம்மன் சன்னதியில் நெரிசலுக்கு நடுவே அவள் என் காதோரம் எக்கி நின்று சொன்னாள்: பச்சைப் பட்டு, வலக்கையில் கிளி, மல்லிகைச் சரம் தோள்வரைக்கும், இப்ப தீபம் காட்டுறாங்க, மூக்குத்தி மின்னுது, கும்பிடுங்க. தமிழில், தாமதமில்லாமல். நான் வழக்கம்போல் தலையாட்டினேன். பிறகு பிரகாரத்தில் வரும்போது, “எதைப் பார்த்துக் கும்பிட்டீங்க தெரியுமா? உண்டியலை” என்றாள். இதற்குச் சாட்சி அவள் ஒருத்திதான் என்பதில் ஒரு திருப்தி.

இனி பணம். ஸ்மார்ட் கண்ணாடி வழியாகவே யுபிஐ லைட்டில் பணம் செலுத்தலாம் என்று 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். கடை அட்டையில் இருக்கிற க்யூஆர் கட்டத்தைப் பார்த்து, வாயால் சொன்னால் பணம் போய்விடும். யுபிஐ லைட்டில் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைக்கும் பின் நம்பர் தேவையில்லை. இந்தச் செய்தியையும் நான் வீட்டில் வாசிக்கவில்லை; ஆனால் எங்கள் வீட்டுக்கு வேறு பேப்பரும் வருகிறது. “பார்த்தா காசு போயிருமா?” என்றாள். பார்த்து, சொன்னால்தான் போகும் என்று விளக்கினேன். எனக்குச் சர்க்கரை. ஜிகர்தண்டாக் கடை வாசலில் நான் எப்படி நிற்பேன், எங்கே பார்ப்பேன், என்ன சொல்வேன் என்பது பற்றி அவளிடம் நீண்ட அனுபவம் இருக்கிறது. என் யுபிஐ லைட்டில் இருப்பு அன்று சாயங்காலமே பூஜ்யமாக்கப்பட்டது.

சென்ற வாரம் மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். முகத்தில் அதே நல்ல எண்ணம். மெட்டா 2025-இல் அமெரிக்காவில் 799 டாலருக்கு இன்னொன்று வெளியிட்டிருக்கிறதாம். அதில் வலது கண்ணாடிக்குள்ளேயே சின்னத் திரை. கூடவே கை மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டை. தசையில் ஓடும் மின்சாரத் துடிப்பைப் பட்டை உணர்ந்துகொள்ளும். வாயால் சொல்ல வேண்டாம், பொத்தான் அழுத்த வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் லேசாக உரசினால் போதும், கண்ணாடி புரிந்துகொள்ளும். இந்தியாவுக்கு வந்ததும் மாமாவுக்கு அதுதான் என்றார். நான் பீரோவில் மிச்சமிருக்கும் தங்கத்தை மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மாப்பிள்ளை, விரலு கொஞ்சமாவது அசையணும்ல?”

“ஆமா அத்தை, லேசா அசைஞ்சாலே போதும்.”

“அப்ப வாங்காதீங்க. சாப்பாட்டு நேரம் போக மத்த நேரம் அது சும்மாதான் கிடக்கும்.”